வளர்கிற பிள்ளைக்கு ஒரு தூண்டில்

செருப்புக் கடையில் அவருக்குப் பெயர் சைஸண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. முதலாளிக்கே அது சட்டென்று வாயில் வராது. வாசலில் ஒரு கால் நுழைந்து, அந்தக் காலுக்குரிய ஆள் இன்னும் கதவுக்கு வெளியே நிற்கும்போதே சைஸண்ணன் ஏணியில் ஏறிவிடுவார். கூரை வரை அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளில் ஒன்றை உருவிக்கொண்டு இறங்கி, சாய்வு முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, "காலைக் குடுங்க" என்பார். வந்தவர் "எனக்கு எட்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் எட்டரை காலில் ஏறியிருக்கும். "எட்டுன்னு நீங்க நினைக்கிறீங்க. உங்க கால் அப்படி நினைக்கல" என்பார். அதற்குச் சிரிக்காத ஆள் கிடையாது.

பெரியவர்களுக்கு இம்மியும் பிசகாமல் அளவு சொல்கிற மனிதர் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஒரே பிடியாக நிற்பார். "வளர்ற பிள்ளைங்க. ஒரு சைஸ் பெரிசாவே எடுங்க. முன்னாடி கொஞ்சம் பஞ்சு வெச்சுக்கிட்டா ஆச்சு." பிள்ளை, வாத்து மாதிரி தப்தப்பென்று கடைக்குள் நடந்து காட்டும். அம்மா தயங்குவாள். "கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள வளர்ந்துடுவாங்க, பாருங்க" என்று அவர் ஒரே போடாகப் போடுவார். வியாபாரம் முடிந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடைக்குள் வருகிற யாராக இருந்தாலும் 'ங்க'தான். இடுப்பில் இருக்கிற கைக்குழந்தையைக்கூட "அழாதீங்க, காலை நீட்டுங்க, சமர்த்துங்க" என்றுதான் கெஞ்சுவார். முதலாளி முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, நாக்கில் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க 'ங்க' போட்டுப் போட்டு, சாயங்காலம் வீடு திரும்பும்போது வாயெல்லாம் புளித்துப் போயிருக்கும்.

வீட்டில் அதற்கு மருந்து இருந்தது. மகள். பொடிசு என்று கூப்பிடுவார். கதவைத் திறந்ததும் அதிகாரம் ஆரம்பமாகிவிடும். "அப்பா, நீ குனி. நீதான் யானை. யானை பேசாது, நீ பேசாத." மனைவி அடுப்படியிலிருந்து, "அப்பாவ நீன்னு சொல்லாதடி, நீங்கன்னு சொல்லு" என்று கத்துவாள். சைஸண்ணன் யானையாக இருந்துகொண்டே, "விடு. ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் மரியாதை குடுத்து மரியாதை வாங்கிட்டு வரேன். ஒருத்தியாவது என்ன நீன்னு சொல்லட்டும்" என்பார். உலகத்தில் அவரை 'நீ' என்று அதட்ட உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான். அந்த ஒற்றை எழுத்தைக் கேட்பதற்காகவே அவர் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போவார்கள். தட்டைக் கல்லை எடுத்து, உடம்பைச் சாய்த்து, தண்ணீரோடு தண்ணீராக வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அந்த விளையாட்டு. அவர் போட்டால் ஒரு தத்து தத்திவிட்டு முங்கிவிடும். "உனக்கு வரல. நீ தள்ளு" என்று அவள் அவரை ஓரங்கட்டிவிட்டு எறிவாள். அவள் போட்டதும் முங்கும். அதற்கு ஏரிதான் காரணம் என்பாள்.

அவளுக்கு ஐந்து வயது ஆனபோது அவளுடைய அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போனாள். தப்பு யார் மேல் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரண்டையும் கேட்டால் இரண்டும் நியாயமாகவே இருக்கும், அதுதான் எரிச்சல். பிறகு அவள் வேறு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். நல்ல மனிதர் என்று கேள்வி. கெட்டவராக இருந்திருந்தால் சைஸண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், ஆனால் பிள்ளைக்கு ஆகாதே என்று அந்த நினைப்பையும் அவரே அடக்கிக்கொள்வார்.

வருஷத்துக்கு ஒரு பார்சல் அனுப்புவார். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி ஷூ. இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஒரு சைஸ் கூட்டி, முன்பக்கத்தில் பஞ்சை உருட்டி வைத்து அனுப்புவார். வந்து சேர்ந்தது என்று மச்சான் போன் பண்ணுவான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. உறவு அறுந்த பிறகும் அவன் மட்டும் அறுபடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் இன்னமும் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வெறுமையாகிப்போன ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவர் தூண்டில் பிடித்தார். ஏரியில் ஒரு பழைய படகுத்துறை உண்டு. பலகைகளுக்கு அடியில் நிழலில் பெரிய மீன்கள் பதுங்கிக் கிடக்கும். மேலிருந்து தூண்டிலைத் தொங்கவிட்டால் அவை ஏறெடுத்தும் பார்க்காது. இரைக்குப் பதிலாகக் கொக்கியில் மாட்டிய ரப்பர் மீனைத் தண்ணீரின் மேல் கல்லைப்போலத் தத்தவிட்டு, பலகைக்கு அடியில் நழுவவிட வேண்டும். ஒருநாள் யாரோ அப்படி வீசுவதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அட, இது நம் பொடிசின் விளையாட்டாயிற்றே! அன்றிலிருந்து வேறு மாதிரி வீசவே மாட்டார். மீன் கிடைத்ததோ இல்லையோ, மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் தத்தவிட்டுக்கொண்டே நிற்பார்.

இப்படியே எட்டு வருஷம் ஓடிற்று. ஒருநாள் மச்சான் போன் பண்ணினான். "மச்சான், உக்காந்திருக்கீங்களா? பிள்ளை லீவுக்கு என் வீட்டுக்கு வர்றா. அக்கா சரின்னுட்டா. ஒரு காலைப் பொழுது உங்ககூட விடுறேன். கல்லு தத்தவிட்டது அவளுக்கு லேசா ஞாபகம் இருக்காம்."

சைஸண்ணன் உட்கார்ந்திருக்கவில்லை, ஏணியில் இருந்தார். இறங்கி வந்து, யாருக்காக எடுத்தோம் என்று தெரியாத ஒரு பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. தலைகால் புரியவில்லை. மதியமே லீவு சொல்லிவிட்டுத் தூண்டில் கடைக்குப் போனார்.

"பொண்ணுக்கு ஒரு கோல் வேணும்மா. தத்தவிடுறதுக்கு. வளர்ற பிள்ளை, ஏழடியே குடுத்துடுங்க."

தூண்டில் கடைக்காரம்மா வாய்க்காரி. எடுத்த கோலைத் திரும்ப மாட்டிவிட்டு, "அண்ணே, இது உங்க செருப்பு இல்ல, முன்னாடி பஞ்சு வெச்சு ஓட்டுறதுக்கு" என்றாள். "தத்தவிடணும்னா கைய இடுப்புக்குக் கீழ இறக்கி, பக்கவாட்டுல சுழட்டணும். சின்ன ஆள் கையில நீளக் கோலக் குடுத்தா நுனி போய்த் தண்ணியில அடிக்கும். அடிச்சா ரப்பர் மீன் காலடியிலயே விழும். பிள்ளை நாலு தடவை பார்க்கும், அப்புறம் எனக்கு இது வரலன்னு வெச்சுடும். ரொம்பக் குட்டையா எடுத்தா வீச்சுக்கு வேகம் பத்தாது. இன்னிக்கு என்ன உயரமோ அந்த அளவு. அவ்வளவுதான். எவ்வளவு உயரம் உங்க பொண்ணு?"

சைஸண்ணன் கையை மார்பு வரை உயர்த்தினார், பிறகு கழுத்து வரை, பிறகு இறக்கிவிட்டார்.

"பொண்ண ஒரு எட்டு கூட்டிட்டு வாங்களேன். நின்னு காட்டினா நானே சொல்லிடுவேன்."

"வருவாம்மா. வந்த அன்னிக்கே போயிடுவா."

அந்த வாய்க்காரி மாட்டிவைத்த கோல்கள் பக்கம் திரும்பினாள். ஐந்தரை, ஆறு, ஆறரை என்று மூன்று கோல்களை எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "மூணையும் எடுத்துட்டுப் போங்க. எது சரியோ அத வெச்சுக்கிட்டு மத்தத குடுத்துடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.

பார்த்தீர்களா விதியை. ஊரில் ஒருவர் கால் பாக்கியில்லாமல் அளவு தெரிந்த மனிதருக்குச் சொந்த மகளின் அளவு தெரியவில்லை. வெட்கத்தை விட்டு மச்சானுக்குப் போன் பண்ணினார்.

"மச்சான், பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கா?"

"நல்லா வளர்ந்துட்டா மச்சான். தோள் வரைக்கும் வந்துட்டா."

"யாரு தோள்?"

"அவங்கப்பா தோ..." மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அவரு தோள் வரைக்கும், மச்சான்."

"சரி. அவரு எவ்வளவு உயரம்?"

"ஆறடி இருப்பாரு."

"செருப்போடவா, செருப்பு இல்லாமலா?"

"மச்சான், அதெல்லாம் நான் எங்க பார்த்தேன்!"

சாயங்காலம் வீட்டில் அறைக் கதவுக்கு முன் சாக்பீஸோடு நின்றார். தன் மகளை அளக்க வேண்டுமானால் முதலில் அந்த ஆளை அளக்க வேண்டும். வேறு வழியில்லை. வாசற்படி மிதிக்கக் கூடாது என்று இத்தனை வருஷமும் மனசுக்குள் விரட்டிக்கொண்டிருந்த மனிதரை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதவோடு நிறுத்தினார். ஆறடியில் ஒரு கோடு. செருப்புக்கு ஓர் அரை அங்குலம் கழித்து இன்னொரு கோடு. அங்கிருந்து தோள். தோளில் ஒரு கோடு போட்டுவிட்டு எட்ட வந்து பார்த்தார். இவ்வளவு உயரமா? தன் முகவாய்க்கு நேராக அவள் தலை இருந்தது. அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் தினமும் இப்படித்தானே கை வைப்பார் என்று நினைத்தார். அழுதுவிட்டார்.

அடுத்த நாள் அதிகாலையில் படகுத்துறைக்குப் போனார். அவள் கை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் தன் கையும் இருந்தால்தான் கோலைச் சோதிக்க முடியும். ஆகவே கடையிலிருந்து கொண்டுபோன முக்காலியைப் போட்டு, அதன் மேல் மண்டியிட்டு நின்றார். மண்டியிடுவது அவருக்குப் புதிதில்லையே. ஆறரை அடிக் கோலில் நுனி தண்ணீரைச் சளார் என்று அடித்தது. ஐந்தரையில் ரப்பர் மீன் இரண்டு தத்து தத்திவிட்டு அசடு மாதிரி மூழ்கியது. ஆறடியில் வீசினார். நுனி தண்ணீரை உரசாமல் போனது. ரப்பர் மீன் தத்தித் தத்திப் போய்ப் பலகைக்கு அடியில் நுழைந்து மறைந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் இவர் ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போனார். அப்படிப் பார்த்தால் அவர் நினைத்ததில் பெரிய பிழையில்லை.

அந்தக் காலையும் வந்தது. மச்சான் ஏரிக்கரைச் சாலையில் காரை நிறுத்திவிட்டு, "மதியம் வந்து கூட்டிக்கிறேன்" என்று நாசூக்காக நகர்ந்துவிட்டான். சைஸண்ணனின் கண் பழக்கதோஷத்தில் முதலில் காலுக்குப் போனது. நீலத் துணி ஷூ. கால் அளவு ஆறு. அவர் கடைசியாக அனுப்பியது ஏழு, வெள்ளை. பிறகுதான் நிமிர்ந்தார். தலை சரியாக அவர் முகவாய்க்கு வந்தது. சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு நூல்கூடத் தப்பவில்லை. அளந்தது சரி என்று ஒரு கணம் அவருக்குப் பெருமைகூட வந்தது.

"வணக்கம்" என்றாள் மகள். "நல்லா இருக்கீங்களா?"

ங்க.

எல்லாவற்றையும் அளந்து வைத்த மனிதர் இதை அளக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பெண், அவ்வளவாகப் பழக்கமில்லாத பெரியவரிடம் வேறு எப்படிப் பேசுவாள்? நல்ல விதமாக வளர்த்திருக்கிறார்கள், அதுதானே அதற்கு அர்த்தம்? அறிவுக்கு எல்லாம் விளங்கியது. நெஞ்சுக்குத்தான் விளங்கவில்லை. "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோல்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வழியெல்லாம் அவள் மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. "நீங்க அனுப்பின ஷூ எல்லாம் வந்துச்சு. தேங்க்ஸ்."

"சரியா இருந்துச்சா?"

அவள் சிரித்தாள். "வர்றப்ப பெரிசா இருக்கும். அப்புறமா போட்டுக்கலாம்னு அம்மா பரண்ல எடுத்து வெப்பாங்க. ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தா சின்னதாயிருக்கும். எல்லாம் புதுசாவே இருக்கு, பெட்டியோட. பஞ்சோட."

அவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவளுடைய கால் அவர் கொடுத்த ஷூவுக்குள் இருந்ததில்லை. கடையில் எத்தனை தாய்மாரிடம், எத்தனை நிச்சயமாக, 'வளர்ற பிள்ளை, வளர்ற பிள்ளை' என்று ஓதியிருப்பார்! அவர் எப்போதும் நாளைய பிள்ளைக்கே வாங்கினார். அன்றைக்கு இருந்த பிள்ளை அவர் இல்லாமலேயே ஒவ்வொரு நாளாகப் போய்விட்டது.

ஆனால் கோல் பொருந்தியது. அதில் சந்தேகமே இல்லை. அவள் கையை இறக்கி, உடம்பைச் சாய்த்து, ஒரு சுழற்றுச் சுழற்றினாள். நுனி தண்ணீரைத் தொடவேயில்லை. முதல் வீச்சிலேயே ரப்பர் மீன் நாலைந்து தத்து போனது. அவள் வாயைப் பிளந்தாள்.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு! என் உயரம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

'உங்கப்பா தோளை அளந்து கண்டுபிடிச்சேன்' என்றா சொல்ல முடியும்? "சும்மா ஒரு குத்துமதிப்புதான்" என்றார்.

வெயில் ஏறும்வரை வீசினார்கள். அவர் வீசியது பாதி நேரம் பலகையில் மோதியது. அவள் கமுக்கமாகச் சிரித்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் அவர் மனசு ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது. 'உனக்கு வரல, நீ தள்ளு' என்று சொல்ல மாட்டாளா? சொல்லவில்லை. "நீங்க கொஞ்சம் கீழ இறக்கி வீசிப் பாருங்களேன்" என்றாள். எவ்வளவு பதவிசு!

அப்போதுதான் பலகைக்கு அடியில் தண்ணீர் பொங்கியது. அவள் கையிலிருந்த கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது.

"அப்பா! நீ பிடி! நீ பிடி, எனக்கு வரல, நீ வா இங்க!"

அவர் எப்படிப் பாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் கைகளின் மேல் கைகளை வைத்துப் பிடித்தார். "விடாத! விடாதப்பா! நீ சுத்து, நான் பிடிச்சுக்கறேன்!" என்று அவள் கத்தினாள். மீன் கரைக்கு வந்து, புரண்டு, தன் பருத்த வயிற்றை ஒருமுறை காட்டிவிட்டு, தலையை உதறிக்கொண்டு போய்விட்டது. தூண்டில் நரம்பு தொய்ந்தது. அவள் பலகையில் தொப்பென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போச்சு! நீ பார்த்தியா அத? எவ்வளவு பெரிசு! நீ பார்த்தியாப்பா?"

அவர் மீனைப் பார்க்கவேயில்லை. நின்ற இடத்தில் நின்றபடி அந்த ஒற்றை எழுத்தைக் காது நிறைய வாங்கிக்கொண்டிருந்தார். எட்டு வருஷத் தாகம் தீர்ந்த மாதிரி இருந்தது.

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று பார்த்தவள், அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. சட்டென்று எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சாரி" என்றாள். "நீங்கன்னுதான் சொல்ல வந்தேன். வாய் தவறிடுச்சு."

இந்த இடத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நீன்னே சொல்லுடா, என்ன அப்படிக் கூப்பிட உலகத்துல நீ ஒருத்திதான் இருக்க, என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். பதறிவிட்டார். பதற்றத்தில் மனிதனுக்கு மனசு பேசுவதில்லை, பழகிய நாக்குதான் பேசுகிறது. தெரியாமல் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற வாடிக்கைக்காரருக்குச் சொல்கிற அதே குரலில், அதே புன்னகையோடு, அவர் சொன்னார்:

"பரவால்லீங்க."

அடப் பாவி மனுஷா! பெற்ற மகளையா? வாயிலிருந்து விழுந்த அந்தச் சொல்லைக் குனிந்து பொறுக்கி உள்ளே போட்டுக்கொள்ள முடியுமானால் பல்லால் கவ்வியாவது எடுத்திருப்பார். அவளுடைய முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. கோபம்கூட இல்லை. கடையில் கால் நுழையாத செருப்பைத் திருப்பிக் கொடுப்பவர்கள் தலையாட்டுவார்களே, அப்படி ஒருமுறை தலையாட்டிவிட்டு, "சரிங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வீசினார்கள். 'இல்லடா, நான் சொல்ல வந்தது வேற' என்று ஆரம்பிக்க அவர் பலமுறை தொண்டையைச் செருமினார். செருமியதோடு சரி. சாலையில் கார் ஹாரன் அடித்தது. அவள் நரம்பைச் சுற்றி, கொக்கியை மாட்டி, கோலை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போ..." என்றவர், அந்தச் சொல்லை எப்படி முடிப்பது என்று தெரியாமல் விழித்தார். போ என்றால் அதட்டல் மாதிரி இருக்குமோ? போங்க என்றால் செத்தே போகலாம். "எடுத்துட்டுப் போகலாமே" என்று யாருக்கோ சொல்வது போல முடித்தார்.

"எங்க ஊர்ல ஏரி இல்ல. இங்கயே இருக்கட்டும்." பிறகு கோலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் திரும்ப வர்றதுக்குள்ள இது சின்னதாயிடும், இல்ல?"

"ஆமா" என்றார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. அளவு விஷயத்தில் சுத்தமாகத் தெரியாது.

"போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு மகள் நடந்தாள். இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டு போனது. கூப்பிட்டால் நின்றிருப்பாள். மண்டியிட்டுக் கட்டிவிட்டிருக்கலாம், அதுதானே அவர் தொழில். கூப்பிட வேண்டுமானால் 'கயிறு அவிழ்ந்திருக்கு, நில்லு' என்று சொல்ல வேண்டும். நில்லுவா, நில்லுங்களா? அவர் யோசித்து முடிப்பதற்குள் கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

மதிய வெயிலில் படகுத்துறையில் யாருமில்லை. சைஸண்ணன் ஆறடிக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் நின்ற பலகையில் மண்டியிட்டார். முக்காலி இல்லாததால் அவள் உயரம் வரவில்லை. அவளுடைய பழைய உயரம்தான் வந்தது. தண்ணீரைப் பார்த்து, "பரவால்லடா பொடிசு, நீன்னே சொல்லு" என்றார். கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. சரியாக வருகிறதா என்று பார்க்க இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார்.